சம்பந்திகளைப் பாடிய ராம்பரி தேவி

'மாதா ராம்பரி தேவி. மென்மொழியாள். வாழ்நாளில் எவரையும் ஒரு கடுஞ்சொல் கூறி அறியாதவர். இறைவன் புகழன்றிப் பிறிதொன்றும் பாடாதவர். அன்னாரின் நினைவாக இவ்வறை எழுப்பப்பட்டது.'

உஸ்ராஹி நடுநிலைப் பள்ளியில் புதிதாகக் கட்டிய அறையின் வாசலில் பதித்திருக்கும் பளிங்குக் கல் இப்படிச் சொல்கிறது. கல்லைத் திறந்து வைத்த அன்று ஒருவர் இதை உரக்கப் படித்தபோது, முன்வரிசைப் பெரியவர்கள் பலருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. பின்னால் நின்ற பெண்கள் அந்த நாகரிகமெல்லாம் பார்க்கவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டும் அடங்காமல் குலுங்கினார்கள். வாசகத்தை எழுதிய மகன் கீர்த்தியானந்த் ஜா மட்டும் கல்லைவிட இறுக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். தர்பங்காவில் ஒரு கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். மெய் எது, பொய் எது என்று பிரித்துக் காட்டுவதற்காகவே மாதாமாதம் சம்பளம் வாங்கியவர்.

ராம்பரி தேவி கமலா ஆற்றுக்கு அக்கரையில் பிறந்து, பாவாடை வயதில் இக்கரைக்கு மருமகளாக வந்தவர். மிதிலையில் பெண்ணாகப் பிறந்தால் படம் வரையத் தெரிந்திருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. டெல்லியிலிருந்து காகிதமும் சாயமும் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். ஊர்ப் பெண்கள் வரைந்த மீனும் தாமரையும் விமானம் ஏறி எங்கெங்கோ போயின. ராம்பரி தேவியும் ஒரு மீன் வரைந்தார். அதை வாங்கிப் பார்த்த அதிகாரி, "கத்தரிக்காய் நல்லா வந்திருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு அவர் தூரிகையைத் தொடவில்லை. அவருடைய கலை வேறு இடத்தில் இருந்தது. அதை எந்த அதிகாரியும் கேட்டு வாங்கிக்கொண்டு போகவில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட உட்கார்ந்தால், பெண் வீட்டுப் பெண்கள் அவர்களைத் திட்டிப் பாட வேண்டும். டஹ்கன் என்று பெயர். இலையில் சோறு விழும்போது பாட்டும் விழும். சம்பந்தியின் மீசை, அவருடைய கஞ்சத்தனம், அவருடைய அக்கா யாரோடு ஓடிப் போனாள், ஓடிப் போகாவிட்டால் ஏன் ஓடவில்லை, எல்லாம் மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து மேளதாளம் இல்லாமல் வரும். முகம் தெரியாது. குரல் மட்டும்தான். சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டு, காது சிவக்க, சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு சாப்பிடுவார்.

இதில் மற்ற பெண்களுக்கெல்லாம் பழைய பாட்டுகள் இருந்தன. பெயரை மட்டும் மாற்றிப் போட்டுப் பாடுவார்கள். யார் சம்பந்தியானாலும் அதே கழுதை, அதே எருமை. ராம்பரி தேவிக்கு அது பிடிக்காது. "ஒருத்தனுக்குத் தச்ச சட்டையை இன்னொருத்தனுக்குப் போட்டு அனுப்புவியா? திட்டும் அப்படித்தான். அளவெடுக்கணும்" என்பார். அளவெடுக்கும் வேலை நாவிதர் போலா தாக்கூருடையது. கல்யாணத் தேதி சொல்ல மாப்பிள்ளை ஊருக்குப் போகிறவர் அவர். போகும்போது தேங்காய் பழம் கொண்டுபோவார். வரும்போது ஊர் வம்பு முழுவதையும் கொண்டுவருவார். சம்பந்தியின் அத்தைகள் பெயர் என்ன, யாருக்குக் குறட்டை, யார் மனைவிக்குப் பயப்படுகிறவர், யார் பயப்படாதவர்போல நடிக்கிறவர் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

போலா ஒரு தடவை, சம்பந்திக்கு ஒரு கால் ஊனம் என்று ஆர்வமாகச் சொன்னார்.

"அது வேண்டாம்" என்றார் ராம்பரி தேவி.

"நல்ல விஷயமாச்சே பெரியம்மா. தாளத்துக்குக்கூட ஒத்து வரும்."

"கையும் காலும் கடவுள் குடுத்தது. மீசை அவனா வச்சது. மீசையைத்தான் தொடணும். வேற சொல்லு."

பாட்டுக் கட்டுவது சமையலறையில் நடக்கும். உரலில் உலக்கை விழும் சத்தம் தாளம். அரங்கேற்றத்துக்கு முன் ஒத்திகை வேண்டுமே, அதற்குக் கணவர் மஹிநாத் ஜா இருந்தார். ஊரில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும், அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அவர் தம் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு சாப்பிடுவார். ஒருநாள் அவர் எருமைத் திருடன். மறுநாள் சாமியார் வேஷம் போட்டுப் பக்கத்து ஊர் விதவையிடம் மோர் வாங்கிக் குடித்தவன். மென்மையான மனிதர். "இந்த வரி கொஞ்சம் இழுக்குது. திருடன்ங்கிறதை முன்னால கொண்டாந்தா நல்லாருக்கும்" என்று யோசனை சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பருப்பு கேட்பார். கல்யாண மாதங்களில் அவருக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துவிடும். சின்ன வயசில் கீர்த்தியானந்த் வெகுநாள் தம் அப்பா நிஜமாகவே எருமை திருடியவர் என்று நம்பிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையாகச் சொல்லி அடியும் வாங்கியிருக்கிறார். அவருக்குத் தர்க்கத்தில் ஈடுபாடு வந்தது அதற்குப் பிறகுதான்.

ராம்பரி தேவி பாடிய பந்திகளில் தவறு நடந்தது ஒரே ஒரு முறை. பக்கத்துத் தெருக் கல்யாணம். மாப்பிள்ளையின் மாமா தடித்த கண்ணாடிக்காரர் என்று போலா சொல்லியிருந்தார். தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தால் மூன்றாவது இலையில் தடித்த கண்ணாடி. விடுவாரா? மாமா குடத்துக்குள் முகம் பார்த்துத் தன் பெண்டாட்டி என்று நினைத்துக் கொஞ்சியதிலிருந்து ஆரம்பித்து, தயிர் வரும்வரை பாடித் தீர்த்துவிட்டார். பந்தி முடிந்ததும் கண்ணாடிக்காரர் தட்டிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"அம்மா, ஒரு விஷயம். நான் மாப்பிள்ளை வீட்டுக்காரன் இல்ல. இன்சூரன்ஸ் ஏஜெண்டு. பஸ் போயிருச்சு. பசிச்சுது. கூட்டத்தோட கூட்டமா உக்காந்துட்டேன்."

தட்டி இடுக்கின் பக்கம் ராம்பரி தேவியின் குரல் வந்தது.

"முழுப் பாட்டும் கேட்டியா?"

"கேட்டேன்."

"கோபம் வந்துதா?"

"இல்லம்மா. எனக்குக் கல்யாணமே ஆகல. என்னை யாரும் இதுவரைக்கும் இப்படி உக்கார வச்சுத் திட்டினதில்ல."

"திட்டு வாங்கிட்டேல்ல? அப்ப நீயும் சம்பந்திதான். மாம்பழம் இருக்கு, தின்னுட்டுப் போ."

அந்த மனிதர் அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் மாம்பழக் காலத்தில் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். யாருக்கும் ஒரு பாலிசிகூட விற்றதில்லை. மஹிநாத் ஜா இறந்தபோது, பாடை தூக்கிய நான்கு பேரில் அவரும் ஒருவர்.

கீர்த்தியானந்துக்கு இவை எதுவும் ரசிக்கவில்லை. கல்லூரி உத்தியோகம், நகரத்து நண்பர்கள், ஆங்கிலப் பத்திரிகை என்று ஆனபிறகு, தம் ஊரின் மானத்தைக் காக்கும் பொறுப்பு தம் தோளில் ஏறிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அவர் செயலாளராக இருந்த ஒழுக்க மேம்பாட்டுக் குழு, கல்யாணங்களில் ஆபாசப் பாடல்களைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தின் கீழே முதல் கையெழுத்து அவருடையது. அந்தத் தாள் கிடைத்ததும் ராம்பரி தேவி அதில் பலகாரம் வைத்து அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

இப்படி இருக்கும்போதுதான் கீர்த்தியானந்தின் மகள் நூதனுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை பாசன இலாகாவில் இன்ஜினியர். மாப்பிள்ளையின் அப்பா ஹித்நாராயண் மிஸ்ரா, சப்-ஜட்ஜ். நிமிர்ந்த உடம்பு, முறுக்கிய மீசை, அளந்து வைத்த பேச்சு. அப்படி ஒரு இடம் கிடைப்பதற்கு அந்த ஊரில் எத்தனையோ பேர் தவம் கிடந்தார்கள். கீர்த்தியானந்துக்குத் தூக்கம் போனது. பெண்ணுக்கு நகை போடுவதை நினைத்து அல்ல. அம்மாவின் வாயை நினைத்து.

ஒருநாள் காலை, அம்மா மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது எதிரே போய் உட்கார்ந்தார்.

"அம்மா, இந்தக் கல்யாணத்துல அந்தப் பாட்டு வேண்டாம்."

"எந்தப் பாட்டு?"

"உனக்குத் தெரியும்."

"எனக்கு ஆயிரம் பாட்டு தெரியும். நீ எதைச் சொல்ற?"

"சம்பந்தியைத் திட்டுற பாட்டு. அவர் ஜட்ஜும்மா. கோர்ட்டுல அவர் முன்னால ஒருத்தன் தும்மினாக்கூட வெளிய அனுப்பிருவாராம்."

"சளிக்கு அவ்வளவு பயமா?"

"விளையாடாத. நூதன் நாளைக்கு அந்த வீட்டுல போய் நிக்கணும். உங்க பாட்டி எங்க அப்பாவை எருமைத் திருடன்னு பாடினாங்களேன்னு அவளை யாராவது குத்திக்காட்டினா, அவ என்ன சொல்லுவா?"

"நல்லாப் பாடினாங்களான்னு திருப்பிக் கேப்பா."

"அம்மா, என் பொண்ணு வாழ்க்கை. உன் காலைப் புடிச்சுக் கேக்கிறேன். என் தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணு."

ராம்பரி தேவி மாவுக் கையை அப்படியே எடுத்து அவர் தலையில் வைத்தார்.

"சம்பந்தியைப் பத்தி ஒரு வரி பாட மாட்டேன். நீயா வந்து கேக்குற வரைக்கும்."

பின்பாதி கீர்த்தியானந்தின் காதில் விழாமல் இல்லை. ஆனால் நடக்கவே வாய்ப்பில்லாத நிபந்தனையை நிபந்தனையாகக் கொள்ள வேண்டியதில்லை என்று முடிவு செய்து, தலையில் வெள்ளைக் கைத்தடத்தோடு நிம்மதியாக எழுந்து போனார். அன்று மத்தியானமே போலா தாக்கூர் மாப்பிள்ளை ஊரிலிருந்து திரும்பி வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தார். ராம்பரி தேவி அவருக்கு மோர் கொடுத்து, "சும்மா சொல்லு போலா. பாட மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். கேக்க மாட்டேன்னு பண்ணல" என்றார்.

ஜேஷ்ட மாதம். மாமரமெல்லாம் காய்த்துத் தொங்கும் காலம். மாப்பிள்ளை ஊர்வலம் வந்து இறங்கியபோது பெண்கள் சிவன் பாட்டுப் பாடினார்கள். சிற்றுண்டி பரிமாறும்போது ராமன் பாட்டு. தாலிக்கு ஈடான குங்குமம் வைக்கும்போது கௌரி பாட்டு. கீர்த்தியானந்த் மனசுக்குள் தம் தோளைத் தாமே தட்டிக்கொண்டார். ஜட்ஜ் மட்டும் ஒவ்வொரு வேளையும் தட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் சோற்றுப் பந்தி. அதுதான் முக்கியம். பூரி, இனிப்பு எல்லாம் யார் வீட்டிலும் தின்னலாம். பெண் வீட்டு அடுப்பில் வெந்த சோற்றைத் தின்றால்தான் இரண்டு வீடும் ஒரு வீடு. முற்றத்துப் பந்தலில் வாழை இலைகள் விரிந்தன. சோறு, நெய், பருப்பு, தில்கோர் இலை பஜ்ஜி, கடுகு அரைத்த ரோகு மீன் குழம்பு, மக்கானா என்கிற அல்லி விதைப் பாயசம். ஜட்ஜ் தட்டியை ஒட்டிய முதல் இலையில். பக்கத்தில் அவருடைய அண்ணன். அப்புறம் உறவுக்காரர்கள் வரிசையாக. தட்டிக்குப் பின்னால் பெண்கள் சிவபெருமானைத் தொடங்கினார்கள்.

ஜட்ஜ் கையை முழங்காலிலிருந்து எடுக்கவில்லை. அவர் தொடாதபோது வேறு யார் தொடுவார்கள்? பப்படம் நமுத்தது. மீன் குழம்பின்மேல் ஈ வந்து உட்கார்ந்தது. சிவபெருமான் கைலாயம் போய்ச் சேர்ந்து பாட்டும் முடிந்துவிட்டது. பந்தலில் ஓர் இருமல்கூட இல்லை.

கீர்த்தியானந்த் உள்ளுக்குள் அனுமானம் செய்தார். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று வருஷாவருஷம் பாடம் நடத்தியவர். சோற்றுப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஏதோ சீர் எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம். இவர் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே எதிர்பார்க்கிறார். ஜட்ஜின் காதருகே குனிந்தார்.

"ஸ்கூட்டர் பதிஞ்சு வச்சிருக்கேன். அடுத்த மாசம் வந்துரும்."

"என் பையனுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது."

"கார்னா, கொஞ்சம் அவகாசம்..."

"எனக்குச் சர்க்கார் குடுத்திருக்கு."

"மீன்ல உப்புக் குறைச்சலா?"

"இன்னும் தொடவே இல்லையே. எனக்கு எப்படித் தெரியும்?"

ஜட்ஜின் அண்ணன் இலைக்கு முன்னால் மடித்திருந்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "எழுந்துக்கலாமா தம்பி?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அவர்கள் சோற்றைத் தொடாமல் எழுந்து போனால், உள்ளே குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கும் நூதன் எந்த வீட்டுக்குப் போவாள்? கீர்த்தியானந்த் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்ன குறைன்னு சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் செய்றேன்."

"நான் கேக்க வேண்டியது அது" என்றார் ஜட்ஜ். "எங்க வம்சத்துல என்ன குறை கண்டீங்க, கீர்த்தி பாபு? வந்து ரெண்டு நாளாகுது. இந்த வீட்டுல ஒரு பொம்பளை என்னைக் கழுதைன்னுகூடச் சொல்லல."

கீர்த்தியானந்த் கும்பிட்ட கையை இறக்க மறந்துபோனார். ஜட்ஜ் விடவில்லை.

"போற ஊர்லெல்லாம் எனக்கு எழுந்து நிக்கிறாங்க. கை கட்டி நிக்கிறாங்க. அதிகாரிக்குத்தான் சத்தமில்லாமச் சோறு போடுவாங்க. நான் இங்க அதிகாரியா வரல. எங்க பெரியப்பாவை இந்த ஊர்ல ஒரு கல்யாணத்துல திட்டிப் பாடின பாட்டை எங்க வீட்டுல இன்னிக்கும் பாடுவாங்க. பாடினது இந்த வீட்டு அம்மான்னு தெரிஞ்சுதான் நான் ஜாதகமே பாக்கச் சொன்னேன். ஒருவேளை நான் திட்டக்கூட லாயக்கில்லாதவனா?"

கீர்த்தியானந்த் தட்டிக்குப் பின்னால் உள்முற்றத்துக்கு ஓடினார். ராம்பரி தேவி நடுவில் உட்கார்ந்து துளசி மாலை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் மாலையை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அது பக்கத்து வீட்டுக்காரியிடம் அன்று காலையில்தான் இரவல் வாங்கியது. சுற்றியிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, பாடும்மா."

"பாடிட்டுத்தானே இருக்கோம். அடுத்தது பிள்ளையார்."

"அது இல்ல. அந்தப் பாட்டு."

"சத்தியம் பண்ணியிருக்கேனேப்பா. உன் தலையில. தலை முக்கியமில்லையா உனக்கு?"

"நானா வந்து கேக்குற வரைக்கும்னு நீதானே சொன்னே. வந்துட்டேன். கேக்குறேன்."

"இங்க வந்து முணுமுணுத்தா ஆச்சா? வேண்டாம்னு நீ சொன்னது ஊருக்கே தெரியும். கையெழுத்து வேற போட்டிருக்க. வேணும்னு சொல்றதும் தெரியணும்ல. அங்க போய் நின்னு கேளு."

கீர்த்தியானந்த் திரும்பி வந்து இரண்டு பந்தி வரிசைகளுக்கும் நடுவில் நின்றார். தொண்டையைச் செருமினார். ஒழுக்க மேம்பாட்டுக் குழுவின் தலைவர் நான்காவது இலையில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா. சம்பந்தியைத் திட்டும்மா."

தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எந்தச் சம்பந்தியை?"

"ஹித்நாராயண் பாபுவை."

"எதுக்கு? நல்ல மனுஷன்னு நீதானே சொன்ன?"

"நல்ல மனுஷன்தான்."

"அப்புறம் எதுக்குத் திட்டணும்? காரணம் சொல்லு. தர்க்கம் படிச்சவன்தானே."

கீர்த்தியானந்த் தாம் படித்த நூல்கள் அனைத்தையும் மனசுக்குள் ஒரு புரட்டுப் புரட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. "காரணம் இல்லம்மா. நம்ம வீட்டுக்காரர். திட்டு" என்றார்.

"அது போதும்" என்றது குரல்.

மாலை தரையில் விழும் சத்தம் கேட்டது. முதல் பாட்டு ஜட்ஜுக்கு வரவில்லை.

தர்க்கம் படிச்ச என் மகனே, தலை நரைச்ச பண்டிதனே,
மலையில் புகையைக் கண்டவுடன் நெருப்பைச் சொன்ன மேதாவி,
இலையில் கையைக் காணலையே, என்ன நெருப்பைக் கண்டாய்டா?
மோட்டார் வண்டி கண்டாயோ, மூளை விட்டுப் போனாயோ?

பந்தல் குலுங்கியது. ஜட்ஜின் மீசை ஒருபக்கம் லேசாக அசைந்தது. அடுத்த அடி அவருக்கு.

ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லும் ஹித்நாராயண் பாபுவே,
உங்கள் வீட்டுத் தீர்ப்பு மட்டும் அடுப்படியில் ஆவதேன்?
ஆயுள் தண்டனை தந்தவரே, ஆயுள் தண்டனை பெற்றவரே,
ஜாமீன் கேட்டு மனைவியிடம் கால் பிடித்து நிற்பதேன்?

ஜட்ஜின் கை முழங்காலை விட்டு இறங்கிச் சோற்றில் பதிந்தது. காது இரண்டும் செம்பருத்திப் பூ. வரிசை முழுக்க இலைகளில் கைகள் இறங்கின.

அத்தை சுமித்ரா மீன் வாங்க ஆற்றங்கரைக்குப் போனாளாம்,
மீன்காரன் கூடையைத் தலையில் சுமந்து வந்தாளாம்;
மீன் எங்கே என்று கேட்டால் வெட்கம் வந்து நிற்கிறாள்,
மீன்காரன் எங்கே என்று கேட்டால் கூடையைக் காட்டிச் சிரிக்கிறாள்.

"அத்தை பேர்கூடத் தெரிஞ்சு வச்சிருக்காங்க" என்று ஜட்ஜ் தம் அண்ணனிடம் சொன்னார். குரலில் பரம திருப்தி. பந்தலின் ஓரத்தில் நீர் ஊற்றிக்கொண்டிருந்த போலா தாக்கூர் வேறு திசையைப் பார்த்தார்.

அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி முணுமுணுத்தார். "எனக்கு ஒண்ணும் வரலையே."

தட்டிக்குப் பின்னாலிருந்து உடனே வந்தது. அண்ணன் வண்டியில் விட்ட குறட்டையில் மாடு மிரண்டு, வண்டி வழி மாறி, மூன்று நாள் கழித்து மாமியார் வீட்டு வாசலில் போய் நின்ற கதை. இது கட்டி வைத்த பாட்டா, அந்த நிமிஷத்தில் கட்டியதா என்று இன்றும் ஊரில் வழக்கு உண்டு. அண்ணன் இரண்டாம் முறை மீன் கேட்டார். ஜட்ஜ் மூன்றாம் முறை. நான்காவது இலையில் இருந்த குழுத் தலைவர், தம்மையும் யாராவது கவனிப்பார்களா என்று தட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவர் பெண் வீட்டுக்காரர். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நூதன் புகுந்த வீட்டில், ராம்பரி தேவி பேத்தி என்று தெரிந்ததும் யாரும் அவளிடம் வாய் கொடுக்க மாட்டார்களாம். ஜட்ஜ் அதற்குப் பிறகு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உஸ்ராஹி வழியாகத்தான் போவார். வந்தால் சாப்பிடுவார். சாப்பிட்டால் புதுப் பாட்டு. பழையதையே பாடினால், "இது ஏற்கெனவே தீர்ப்பான வழக்கு" என்று கையை எடுத்துக்கொள்வார்.

ராம்பரி தேவி ஒரு தை மாதக் குளிரில் இறந்தார். கடைசி நாள் வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னபோது, "அதுதான் ரொம்ப வேலை பாத்திருக்கு, பாத்து எழுதுங்க" என்றாராம். காரியச் சாப்பாட்டுக்கு ஜட்ஜ் வந்திருந்தார். அன்று யாரும் பாட மாட்டார்கள். பாடவும் கூடாது. அவர் கொஞ்ச நேரம் தட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, குனிந்து, வேகமாகச் சாப்பிட்டு எழுந்தார். கை கழுவும்போது, "உப்பே இல்ல" என்றார். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூட அறைக்கு வாசகம் எழுத உட்கார்ந்தபோது கீர்த்தியானந்த் நேர்மையாகவே யோசித்தார். பாட்டு பேச்சு ஆகாது. பேச்சு அல்லாததில் கடுஞ்சொல் இருந்தாலும் அது கடுஞ்சொல் சொன்னதாகாது. ஆகவே மென்மொழியாள். 'இறைவன் புகழன்றி' என்ற இடத்தில் மட்டும் தர்க்கம் இடித்தது. அன்றைக்குப் பாடிய சிவன் பாட்டை நினைத்துக்கொண்டு அதையும் எழுதிவிட்டார். மாவு படிந்த தம் தலையையும், பந்தி நடுவில் நின்றதையும் எந்தக் கல்லில் பொறிப்பது?

திறப்பு விழாவுக்கு ஜட்ஜும் வந்திருந்தார். ஓய்வு பெற்றவர், கையில் தடி. கூட்டம் கலைந்தபிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்லை இரண்டு முறை படித்தார்.

"சம்பந்தி, இது பொய்ச் சாட்சியம்."

"கல்லுல வேற என்னத்தை எழுத முடியும்?"

"நடந்ததை எழுதியிருக்கலாம்."

கீர்த்தியானந்த், சாப்பிட நேரமாகிவிட்டது என்று அவர் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனார்.

நடந்தது இதுதான். ராம்பரி தேவி உஸ்ராஹியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும், சாப்பிட உட்கார்ந்த சம்பந்திகளைப் பெயர் சொல்லிப் பாட்டில் திட்டினார். அவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.